தாழ்ப்பாள் விழாத தெரு

தமயந்தி மகளிர் காவல் நிலையத்தில் புகார் மனுவின் அடியில் கையெழுத்துப் போட்ட செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலேகால் மணிக்கு, செக்கடித் தெருவின் இருபத்துமூன்று வீடுகளிலும் உள்ளே இருந்து போடுகிற தாழ்ப்பாள்கள் எல்லாம் பிடிப்பை விட்டன. அவை உடையவில்லை, துருப்பிடிக்கவில்லை, ஆணி கழன்று தொங்கவும் இல்லை. தள்ளினால் ஒழுங்காகப் போய்ப் பொருந்தின, பொருந்திய மறுநொடி, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல மெல்லத் திரும்பி வந்துவிட்டன. இரும்புத் தாழ்ப்பாள், பித்தளைத் தாழ்ப்பாள், குளியலறைத் தகரக் கதவின் கொக்கி, புதிதாகக் கட்டிய வீட்டில் பொத்தானை அமுக்கிப் பூட்டும் கைப்பிடி, எல்லாம் அப்படித்தான்.

முதலில் தெரிந்தது இட்லி மாவு விற்கும் பட்டம்மாளுக்கு. குளிக்கப் போனவள் கொக்கியை மூன்று தடவை மாட்டி, மூன்று தடவையும் அது கழன்றுகொள்ள, “யாருடா அது கதவைத் தள்ளுறது?” என்று கேட்டு, பதில் வராமல், ஈரத் தலையோடு எட்டிப் பார்த்தாள், கொல்லையில் பூனைகூட இல்லை. அந்தி சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொரு வீடும் நினைத்துக்கொண்டதால் யாரும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தாழ்ப்பாள் விழாத வீடு என்று தெரிந்தால் அடுத்த வீட்டுக்காரனே உள்ளே வந்துவிடலாம் அல்லவா? புதன்கிழமை காலையில் தச்சர் அந்தோணிசாமியைப் பதினான்கு வீடுகள் ஒரே நேரத்தில் கூப்பிட்டபோதுதான் சங்கதி தெருவுக்கு வந்தது.

அந்தோணிசாமி எங்கள் தெருவின் பாதிக் கதவுகளைச் செய்தவர். அவர் மரத்தைத் தட்டிப் பார்த்தார், இரும்பை முகர்ந்து பார்த்தார், கடைசியில் கடைவீதிக்குப் போய் ஒரு டஜன் புதுத் தாழ்ப்பாள்கள் வாங்கி, ஒன்றை ஒரு பலகையில் அடித்து, பலகையைக் கையில் பிடித்தபடி தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து உள்ளே நடந்தார். தொட்டிவரைக்கும் தாழ்ப்பாள் நின்றது. தொட்டியைத் தாண்டி இரண்டு எட்டு வைத்ததும் விட்டுக்கொடுத்தது.

“மரத்துல குத்தமில்ல, இரும்புலயும் குத்தமில்ல,” என்றார் அவர். “தெருவுலதான் என்னமோ இருக்கு.”

கயிறு கட்டிப் பார்த்தோம், முடிச்சு அவிழ்ந்தது. நாற்காலியை முட்டுக் கொடுத்தோம், நாற்காலி நகர்ந்து வழிவிட்டது. ஆட்டுக்கல்லை உருட்டி வைத்த வீட்டில் ஆட்டுக்கல் உருண்டது. நகராட்சியிலிருந்து வந்த பொறியாளர் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் ஒன்று: வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனால், வெளியே தொங்கிய பூட்டு பூட்டாகவே இருந்தது. உள்ளே ஆளை வைத்துச் சாத்திய கதவுதான் நிற்கவில்லை. இந்த வித்தியாசத்தை நாங்கள் எல்லோரும் கவனித்தோம், அது என்னவென்று யாரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பதிலாகச் சந்தேகப்பட்டோம். முதலில் திருடர்களை, தெருமுனையில் பழைய பேப்பர் வாங்க வந்தவனை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் விசாரித்தோம். பிறகு ஒருவரையொருவர். தாழ்ப்பாள் போனதில் யார் முகத்தில் சந்தோஷம் தெரிகிறது என்று பார்த்தோம். ஏழாம் வீட்டு ரஞ்சிதத்தின் முகத்தில் தெரிந்தது. அவள் புருஷன் குடித்துவிட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பவன். சாத்த முடியாத கதவு ஆடி ஆடித் திறந்துகொள்ள, எதிர் வீட்டுக்காரர்கள் பார்ப்பது தெரிந்ததும், ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். ரஞ்சிதம் அந்த வாரம் பூ வைத்துக்கொண்டாள். இவள்தான் ஏதோ செய்திருக்கிறாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

தமயந்தியின் புகாரைப் பற்றிய செய்தி வெள்ளிக்கிழமைதான் வந்தது. அதற்குப் பிறகு ரஞ்சிதத்தை விட்டுவிட்டோம்.

தமயந்திக்கு முப்பத்து நாலு வயது. பேருந்து நிலையத்தின் பின்னால் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவள் ஊசி குத்தினால் வலிக்காது என்று கிராமத்து ஜனங்கள் அவள் வரும்வரை காத்திருப்பார்கள். அவளுடைய ஆறு வயதில் அப்பா இறந்துபோனார். அம்மா வடிவம்மாளையும் தமயந்தியையும் தம்பி குமரவேலையும் தாங்கியவர் அப்பாவின் அண்ணன் சிதம்பரநாதன். கடைவீதியில் ஜவுளிக்கடை, தெரு நடுவில் மாடிவீடு, தெரு நலச் சங்கத்தின் தலைவர். பிறப்புச் சான்றிதழோ முதியோர் பென்ஷனோ, எதுவானாலும் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் நாங்கள் தாலுகா ஆபீசுக்குப் போவோம். பெரியவர் என்று சொன்னால் அவர்தான்.

தமயந்தி பதினொரு வயதில், பள்ளிக்கூடம் விட்டதும் பெரியப்பா வீட்டு மாடியில் உட்கார்ந்து படிப்பாள். அம்மா அந்த நேரத்தில் ஜவுளிக்கடையில் வேலையாக இருப்பாள். அந்த மாடியறையின் தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்குப் பின்னால் இரண்டு வருஷம் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பதிமூன்று வயதில் அம்மா அவளை வெளியூர் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இருபத்தாறு வயதில் கல்யாணம் நடந்தது. நல்ல பையன்தான், வங்கியில் வேலை. முதல் நாள் அவன் அறைக்குள் வந்து தாழ்ப்பாளைத் தள்ளிய சத்தத்தில் அவள் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தாள். அடுத்த நாளும், அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். ஏழு மாதத்தில், பெண்ணுக்கு வலிப்பு நோயை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். நாங்களும் வலிப்பு என்றுதான் நம்பினோம்.

இத்தனை வருஷம் சும்மா இருந்தவள் இப்போது வாய் திறந்ததற்குக் காரணம், தம்பி மகள் இலக்கியா. ஒன்பது வயது. குமரவேலும் அவன் மனைவியும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார்கள்; பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில் நான் சேர்த்துவிடுகிறேன், என் வீட்டிலேயே இருந்து படிக்கட்டும் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். தமயந்திக்குத் தம்பி போனில் சொன்னான். “மாடியறையைச் சுத்தம் பண்ணி வெள்ளையடிக்கச் சொல்லிட்டாராம்க்கா.” அவள் போனை வைத்துவிட்டு, அன்று வந்த பதினாறு பேருக்கும் ரத்தம் எடுத்து முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் மேரி ஸ்டெல்லா அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு பேனாவை மூடினார்.

“இருபத்துமூணு வருஷம் ஆச்சேம்மா.”

“ஆமா மேடம்.”

“சாட்சி?”

“இல்ல.”

“சொத்துத் தகராறு ஏதாவது உண்டா? இல்ல, கேக்குறேன். நாளைக்கு அவங்க வக்கீல் கேப்பாரு.”

“இல்ல மேடம். அந்தப் புள்ள அடுத்த மாசம் அங்க வரப்போகுது.”

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். நம்பிய பார்வை என்று சொல்ல முடியாது. நிறையப் பொய்யும் நிறைய உண்மையும் கேட்டுக் கேட்டு, இரண்டையும் ஒரே மாதிரி நிறுத்துப் பார்க்கிற பார்வை. “இந்த மாதிரிக் குத்தத்துக்கு வருஷக் கணக்கு கெடையாது,” என்றார் கடைசியில். “எழுதுங்க.” அப்போதுதான் மணி நாலேகால்.

செய்தி வந்த வெள்ளிக்கிழமை முதல் எங்கள் தெருவில் தமயந்தி நடந்தால் பேச்சு நின்றது. அந்தத் தங்கமான மனுஷனைப் போயா? வாழாவெட்டியாய் வந்தவள், மனசு கெட்டுப்போச்சு. மாடிவீட்டில் பங்கு கேட்டிருப்பாள். தாழ்ப்பாளுக்கும் இவளுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னோம். மலையடிவாரத்திலிருந்து ஒரு மாந்திரீகரைக் கூட்டிவந்து அவள் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் நறுக்க வைத்தோம். அவர் நறுக்கிவிட்டு, தெருவை மேலும் கீழும் பார்த்து, “இது வச்ச சமாசாரம் இல்ல, இருந்த சமாசாரம்,” என்று சொல்லிவிட்டு, தட்சிணைகூட வாங்காமல் போய்விட்டார். அவரையும் அவள் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்று பேசினோம்.

குமரவேல் திருப்பூரிலிருந்து வந்தான். வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் நின்றான்.

“அப்பா இல்லாத நம்மள வளத்தவருக்கா அவரு.”

“வளத்தாரு.”

“அப்புறம் எப்படி நாக்கு கூசாமச் சொல்ற?”

“இலக்கியாவ இங்க விடாத. என்னய என்ன வேணாலும் பேசிக்க. அவள மட்டும் விடாத.”

அவன் திரும்பிப் போனான். ஆனால் இலக்கியாவைக் கொண்டுவந்து விடவில்லை. அக்காவை நம்பியதால் அல்ல. ஒரு வார்த்தை காதில் விழுந்த பிறகு அதைக் காதிலிருந்து எடுத்துப் போட முடியாது என்பதால். மூன்று வருஷம் அவன் அவளோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிறு பெரியவர் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, எப்போதும்போல நிதானமான குரல்.

“எங்க வீட்டுப் புள்ள அது. மனசு சரியில்லாம என்னென்னவோ சொல்லுது. நான் மன்னிச்சுட்டேன். நீங்களும் அதை ஒண்ணும் சொல்லாதீங்க.”

பெண்கள் பக்கத்திலிருந்து பட்டம்மாள் எழுந்தாள். “அது கெடக்கட்டும் பெரியவரே, தாழ்ப்பாளுக்கு என்ன வழி?”

“அதுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல,” என்றார் அவர்.

சம்பந்தம் இருப்பதாக அதுவரைக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் நாங்கள் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தோம்.

அதற்குப் பிறகு சந்தேகம் வேறு மாதிரி ஊறத் தொடங்கியது, உப்புத் தண்ணீர் சுவரில் ஏறுவதுபோல, எந்த இடத்தில் தொடங்கியது என்று காட்ட முடியாமல். மாமன்மார்கள் மடியில் உட்காரும் பிள்ளைகளைத் தாய்மார்கள் சாக்குச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். டியூஷனுக்குப் போன பிள்ளை அஞ்சு நிமிஷம் தாமதித்தால் ஒருத்தி போய் நின்றாள். ஆண்கள் தங்கள் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரிந்தார்கள். இதற்கு நடுவில் வாழ்க்கையும் பழகிக்கொண்டது: குளிக்கப் போகிறவர்கள் பாடினார்கள், பாட வராதவர்கள் வாளியைத் தட்டினார்கள், புதுசாகக் கல்யாணமான பதினெட்டாம் வீட்டு ஜோடி கதவில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிட, தெரு முழுக்க அந்த வழக்கம் பரவியது, வீட்டுக்குள் நுழையுமுன் எல்லோரும் இருமினோம். ஆறு மாதத்தில் எங்கள் தெருக்காரர்களை இருமலை வைத்தே அடையாளம் காணலாம் என்று கடைவீதியில் கேலி செய்தார்கள்.

போலீஸ் பெரியவரைக் கைது செய்தது. நாற்பது நாளில் ஜாமீனில் வந்தார். வெளியே வந்ததும் அவர் செய்த முதல் காரியம், அந்தோணிசாமியைக் கூப்பிட்டு, வீட்டுக் கதவுகளையெல்லாம் மாற்றச் சொன்னது. தாழ்ப்பாள் விழாததால் என்று சொன்னார். வேறு எந்த வீட்டிலும் கதவை மாற்றச் சொல்லவில்லை. தச்சருக்கு அதுவே சந்தேகம்.

மாடியில் இரண்டு அறைகள். ஒன்று தமயந்தி படித்த அறை. வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. இன்னொன்று பெரியவரின் ஒரே மகள் தேன்மொழியின் அறை. தமயந்தியைவிட மூன்று வயது மூத்தவள். பத்தொன்பது வயதில், தானே பார்த்து ஒரு ராணுவக்காரனைக் கட்டிக்கொண்டு வடக்கே போனவள், அப்பா எதிர்ப்பு சொன்னார் என்பதால் ஊர்ப்பக்கமே வருவதில்லை என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை. அந்தக் கதவைக் கழற்றுவதற்காக உள்ளே போய்ச் சாத்தினார் அந்தோணிசாமி. சாத்தியவர் அப்படியே நின்றார்.

கதவின் உட்பக்கத்தில் நான்கு தாழ்ப்பாள்கள் இருந்தன.

எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது தச்சரின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. கோணல் ஆணிகள், சுத்தியல் தவறிவிழுந்த பள்ளங்கள், சின்னக் கை அடித்தது. அதற்கு ஒரு சாண் மேலே இரண்டாவது, அது கொஞ்சம் நேராக இருந்தது. மூன்றாவது அவர் மார்புக்கு. நான்காவது தோளுக்கு, திருகாணி போட்டு, பெரிய மனுஷத்தனமாக. பள்ளிக்கூடச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கோடு போடுவார்களே, அதுபோல ஒரு பெண் பிள்ளை வளர்ந்த கணக்கு அந்தக் கதவில் ஏறிப் போயிருந்தது.

கதவு தானே திறந்துகொள்ள, அறை வாசலில் பெரியவரின் மனைவி லோகநாயகி வந்து நின்றாள். நாற்பது வருஷத்தில் அவள் தெருவில் யாரோடும் நின்று பேசியதில்லை.

“கீழ இருக்கிறத ஒருதடவ பிடுங்கிப் போட்டேன்,” என்றாள், அவரைப் பார்க்காமல். “மறுபடியும் அடிச்சா. அப்ப அவளுக்குப் பத்து வயசு.”

“ஏம்மா பிடுங்குனீங்க?”

“அவர் பிடுங்கச் சொன்னாரு.”

அந்தோணிசாமி கதவைக் கழற்றினார். பெரியவர் அதைப் பின்கட்டில் போட்டு உடைத்து அடுப்புக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். சரி என்று தலையாட்டிய தச்சர், கதவைத் தன் தட்டுவண்டியில் ஏற்றி, தெரு நெடுக எல்லோரும் பார்க்க உட்பக்கம் மேலே தெரிகிறமாதிரி வைத்து, தள்ளிக்கொண்டே காவல் நிலையத்துக்குப் போனார். நாங்கள் வாசல்களில் நின்று பார்த்தோம். வண்டி எங்களைக் கடந்து போகையில், எந்த வீட்டிலும் யாரும் இருமவில்லை.

அன்று சாயங்காலம் வடிவம்மாள், வேலை முடிந்து வந்த மகளுக்குக் காப்பி கலந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். முதல் விசாரணையில் அவள் இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருந்தது ஒரே வார்த்தை: தெரியாது.

“ஒன்ன ஹாஸ்டலுக்கு அனுப்புனேனே, ஏன்னு நீ கேக்கவே இல்ல,” என்றாள்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பியாம்மா?”

“மாட்டேன்.”

தமயந்தி காப்பியைக் கீழே வைத்தாள்.

“ஒன் பாவாடையத் தொவச்சவ நானு,” என்றாள் வடிவம்மாள். “எனக்கு எப்படித் தெரியாமப் போகும்? கடைய விட்டா சோறில்ல. அவரக் கேட்டா கடை இல்ல. ஒன்னய எட்டப் போட்டாப் போதும்னு நெனச்சேன். எட்டப் போட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு நெனச்சேன்.”

“சரியாப் போகலம்மா.”

“தெரியுது.”

மகள் அழவில்லை, கத்தவும் இல்லை. எழுந்து முகம் கழுவப் போனாள். இருபத்துமூன்று வருஷமாக அம்மாவுக்குத் தெரியாது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இந்த வீட்டில் இருந்தாள். அதுவும் போன பிறகு எங்கே நிற்பது என்று தெரியாமல், குழாயைத் திறந்துவிட்டபடி வெகுநேரம் நின்றாள். மறுநாள் வடிவம்மாள் யாரும் கூப்பிடாமல் தானே காவல் நிலையத்துக்குப் போய், தனக்குத் தெரிந்ததைத் தேதி தேதியாகச் சொன்னாள். ஏன் முதலில் பொய் சொன்னாய் என்று கேட்டதற்கு, “இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பொய்தான், அதுலே அதுவும் ஒண்ணு,” என்றாள்.

வழக்கு மாவட்டத் தலைநகரின் மகளிர் நீதிமன்றத்தில் இரண்டரை வருஷம் நடந்தது. வாய்தா, வாய்தா, வக்கீல் வரவில்லை, நீதிபதி மாற்றம், மறுபடி வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தமயந்தி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மாவோடு ஒரே பேருந்தில், ஆனால் ஒரே இருக்கையில் உட்காராமல், போய்வந்தாள். சாட்சி சொல்லும் நாளில், இது மூடிய அறையில் நடக்க வேண்டிய விசாரணை என்பதால், நீதிமன்ற ஊழியர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அந்த ஊரில் தாழ்ப்பாள்கள் விழுந்து நின்றன. கூண்டில் நின்ற தமயந்தி கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்தபடி கதவையே பார்ப்பதை நீதிபதி கவனித்தார். வயதான அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னம்மா?”

“அந்தச் சத்தம், அம்மா. தாழ்ப்பாள எடுத்துட்டா நான் பேசிருவேன்.”

நீதிபதி தாழ்ப்பாளை எடுக்கச் சொல்லி, கதவை வெறுமனே சாத்தி, வெளியே ஒரு பெண் காவலரை நிறுத்தச் சொன்னார். தமயந்தி இரண்டு மணி நேரம் பேசினாள். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

“அவர் கட்டுன ஃபீஸ்லதானே படிச்சீங்க?”

“ஆமா.”

“அவர் வாங்கிக் கொடுத்த தீபாவளிப் புடவையக் கட்டிக்கிட்டீங்க?”

“கட்டிக்கிட்டேன்.”

“இருபத்துமூணு வருஷம் ஒரு வார்த்தை சொல்லல.”

“யார்கிட்ட சொல்றது?” என்று கேட்டாள் தமயந்தி. “எங்க தெருவுல யாருக்கு எது வேணும்னாலும் அவர்கிட்டதான் போய்ச் சொல்வாங்க.”

வக்கீல் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நீதிபதி பதிலாக எழுதிக்கொண்டார்.

கதவும் வந்தது. ஒரு சின்ன லாரியில் ஏற்றி, சான்றுப் பொருள் என்று அட்டை கட்டி, நீதிமன்றச் சுவரோரம் நிறுத்தினார்கள். அந்தோணிசாமி ஒவ்வொரு தாழ்ப்பாளும் ஏறத்தாழ எந்த வருஷத்தது என்று ஆணியை வைத்துச் சொன்னார். லோகநாயகியைக் கூப்பிட்டபோது எதையும் சொல்ல மறுத்து அழுதுகொண்டே இருந்தாள். கடைசியாக, சம்மன் போன ஆறாவது மாதத்தில், தேன்மொழி வந்தாள். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது, கூட யாரும் இல்லை. கூண்டில் ஏறி, கதவைப் பார்த்து, “நாலும் நான் அடிச்சதுதான்,” என்றாள். ஏன் என்று அரசு வக்கீல் கேட்டார், சொன்னாள். அவளிடம் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே கேள்விகள் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். தமயந்தி வெளியே ஓடிவருவதற்குள் தேன்மொழியின் வாடகைக் கார் கிளம்பிப் போயிருந்தது.

சிதம்பரநாதனுக்குப் பத்து வருஷம் கடுங்காவல் தண்டனை. அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அவர் சிறையில் இருக்கிறார். லோகநாயகி மாடிவீட்டில் தனியாக இருக்கிறாள்; பட்டம்மாள் தினமும் இருமிவிட்டு உள்ளே போய் மாவு கொடுத்துவிட்டு வருகிறாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. குமரவேல் தீர்ப்பு வந்த அன்று போன் பண்ணினான். “இலக்கியா ஏழாவது போயிட்டாக்கா,” என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

தீர்ப்பு வந்த அன்று தாழ்ப்பாள்கள் விழும் என்று நாங்கள் நம்பினோம். நியாயம் கிடைத்துவிட்டதே, இனி என்ன? எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தள்ளிப் பார்த்தோம். அவை போய்ப் பொருந்தி, எப்போதும்போலத் திரும்பி வந்தன. மறுநாளும், மறுவாரமும் அப்படியே. சிலர் கோபப்பட்டார்கள், வழக்கு முடிந்த பிறகும் தெருவை இப்படிப் படுத்தலாமா என்று. ரஞ்சிதம்தான் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: “பெரியவர் ஒருத்தருக்காகவா இருபத்துமூணு வீட்டுத் தாழ்ப்பாளும் போச்சு?” குழாயடியில் இருந்தவர்கள் எல்லோரும் அவரவர் குடத்தைப் பார்த்தார்கள். பிறகு, பார்க்காததுபோல, ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்தார்கள். இன்றுவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தீர்ப்புக்கு ஒரு மாதம் கழித்து ஒரு முற்பகலில், தேன்மொழி தோளில் ஒரு பையோடு தெருவுக்குள் வந்தாள். மாடிவீட்டைத் திரும்பிப் பார்க்காமல் நேரே தமயந்தி வீட்டுக்குப் போனாள். இருமத் தெரியாததால் வாசலில் நின்று, “சித்தி,” என்று கூப்பிட்டாள்.

வடிவம்மாள் அவளை உட்கார வைத்து, சோறு போட்டு, சாப்பிட்டு முடியும்வரை எதுவும் கேட்காமல், பிறகு இருவரையும் விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். தமயந்தி வேலைக்குக் கிளம்பிய சேலையோடு உட்கார்ந்திருந்தாள்.

“ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன்,” என்றாள் தேன்மொழி. “கோர்ட்டுல யாரும் கேக்கல. அதனால சொல்லல.”

“சொல்லுக்கா.”

“நாலாவது தாழ்ப்பாள் அடிச்சது எனக்குப் பதினாலு வயசுல. அதுக்கப்புறம் அவரால என் ரூமுக்குள்ள வரமுடியல.” அவள் தன் கைகளைப் பார்த்தாள். “அந்த வருஷம்தான் நீ மாடிக்குப் படிக்க வந்த.”

தமயந்தி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும் தமயந்தி. பக்கத்து ரூம்ல தாழ்ப்பாள் விழற சத்தம் கேக்கும். நான் என்னோடதப் போட்டுட்டு, தலகாணிய எடுத்துக் காத மூடிக்குவேன். நான் சாத்திக்கிட்டதாலதான் அவர் ஒன்கிட்ட வந்தாரு.”

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தோடு இருமிக்கொண்டு போனார்கள். தமயந்தி எழுந்துவந்து அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஒனக்குப் பதினாலு வயசுக்கா,” என்றாள்.

“அது எனக்கும் தெரியும்.”

“தெரிஞ்சா போதாது. நான் சொல்றேன், கேளு. ஒனக்குப் பதினாலு வயசு.”

தேன்மொழி அழுது முடிக்க நேரமானது. முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரயிலில் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்றாள். வீட்டிலேயே, கணவர் பக்கத்தில் இருந்தாலும், கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்தால்தான் தூக்கம் வரும் என்றாள்.

“இங்க நாற்காலி நிக்காதுக்கா.”

“கேள்விப்பட்டேன்.” அவள் பையைச் சுவரோரம் வைத்தாள். “கொஞ்சம் படுத்துக்கவா?”

தமயந்தி பாயை விரித்தாள். கதவு அதன் போக்கில் அகலமாகத் திறந்துகொண்டது. பன்னிரண்டு மணி வெயில் பாதிப் பாய்வரை வந்து விழுந்தது. தேன்மொழி ஒருமுறை கதவைப் பார்த்தாள், ஒருமுறை தங்கையைப் பார்த்தாள், பிறகு கதவுக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுத்து, சாயங்காலம் ஆறு மணிவரை புரளாமல் தூங்கினாள்.

தமயந்தி அன்று வேலைக்குப் போகவில்லை.